‘ஜாம்’ என்றால் எந்த ஜாம்? நடுவில் நின்றுவிடும் ரிம்ஃபயர் ரைஃபிளை எப்படிப் பார்ப்பது

டெக்சஸில் நான் போகும் சுடுதளத்தில் சனிக்கிழமை காலை ஒரு சொல் அடிக்கடி காதில் விழும்: ‘ஜாம்’. பக்கத்து மேஜைக்காரர் இரண்டு முறை சுடுவார், மூன்றாவதில் துப்பாக்கி நின்றுவிடும். உடனே நாலு பேர் கூடுவார்கள். ஒருவர் ஸ்பிரிங்கை மாற்றச் சொல்வார். இன்னொருவர் எண்ணெய் ஊற்றச் சொல்வார். மூன்றாமவர் “இந்த மாடலே இப்படித்தான்” என்று தீர்ப்பு சொல்லிவிடுவார். தோட்டா எங்கே சிக்கியது, எப்படிச் சிக்கியது என்று மட்டும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். துப்பாக்கிக்காரரே அதைப் பிடுங்கிக் குப்பையில் போட்டிருப்பார்.

ஊரில் தண்ணீர் மோட்டார் பழுதானால் எலக்ட்ரீஷியன் கேட்கும் முதல் கேள்வி என்ன? “ஓடுதா, ஓடலையா, உறுமிட்டு நிக்குதா, இல்ல ஓடியும் தண்ணி ஏறலையா?” ஓடவே இல்லையென்றால் கரண்ட்டைப் பார்ப்பார். உறுமிவிட்டு நின்றால் கண்டென்சர். ஓடியும் தண்ணீர் வரவில்லையென்றால் ஃபுட்வால்வு. நாம் சொல்வது ‘மோட்டார் ரிப்பேர்’ என்ற ஒரே சொல்தான், ஆனால் அவர் கை வைக்கும் இடம் ஒவ்வொரு முறையும் வேறு. துப்பாக்கியின் ‘ஜாம்’ கதையும் அதேதான். அந்தச் சொல்லுக்குள் குறைந்தது ஐந்து வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன.

உதாரணத்துக்கு ரூகர் 10/22 ரைஃபிளை எடுத்துக்கொள்கிறேன். 1964-இல் அறிமுகமானது, இன்றும் அமெரிக்காவில் பலர் வாங்கும் முதல் ரைஃபிள் இதுதான். பெயரிலேயே விவரம் இருக்கிறது: 10 என்பது மேகசினில், அதாவது தோட்டா நிரப்பும் பெட்டியில், கொள்ளும் எண்ணிக்கை, 22 என்பது தோட்டாவின் அளவு. இங்கே சொல்லப்போவதில் பெரும்பகுதி இந்த வகையைச் சேர்ந்த மற்ற ரைஃபிள்களுக்கும் பொருந்தும்.

## சோமாஸின் ஓரம்

முதலில் பெயர்களைப் பிரித்துக்கொள்வோம், இங்கேதான் பாதிக் குழப்பம். தோட்டா என்பது முழுப் பொருள். அதன் முனையில் இருக்கும் ஈயத் துண்டுதான் குண்டு. இலக்கை நோக்கிப் போவது அது மட்டும்தான். பின்னால் இருக்கும் பித்தளைக் குழாய் கூடு. கூட்டுக்குள் வெடிமருந்து. அந்த மருந்தைப் பற்றவைக்க, தட்டினால் தீப்பொறி தரும் இன்னொரு மருந்து வேண்டும். அதைப் பற்றுமருந்து என்று வைத்துக்கொள்வோம். தீபாவளிக்குப் பிள்ளைகள் வெடிக்கும் பொட்டு வெடியில் சிவப்புத் தாளுக்குள் இருக்கும் புள்ளி மாதிரி.

பெரிய ரைஃபிள் தோட்டாக்களில் இந்தப் பற்றுமருந்து கூட்டின் அடிப்பகுதி நடுவில், ஒரு சிறு கிண்ணத்துக்குள் இருக்கும். அதனால் அவை சென்டர்ஃபயர். நம் சிறிய .22 தோட்டாவில் அப்படித் தனிக் கிண்ணம் கிடையாது. கூட்டின் அடி விளிம்பு வெளியே மடிந்திருக்கும். அந்த மடிப்புக்குள்தான் மருந்து. விளிம்புக்கு ஆங்கிலத்தில் ரிம், ஆகவே ரிம்ஃபயர். சோமாஸில் பூரணம் நடுவில் இருக்கும், ஓரம் வெறும் மடிப்பு. இதில் தலைகீழ்: ஓரத்து மடிப்பில்தான் பூரணம். ஃபயரிங் பின் என்ற சிறிய உலோக நாக்கு வந்து அந்த ஓரத்தை நசுக்கினால் வெடிக்கும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் பின்தொடர்கிறது. ஓரம் நசுங்க வேண்டுமென்றால் பித்தளை மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லிய கூடு பெரிய அழுத்தம் தாங்காது. அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்களின் தர அமைப்பு .22 லாங் ரைஃபிள் என்ற இந்தத் தோட்டா வகைக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு 24,000 பிஎஸ்ஐ. கார் டயரில் நாம் அடிக்கும் காற்றைப் போல 700 மடங்குக்கு மேல் என்றாலும், பெரிய ரைஃபிள்களோடு ஒப்பிட்டால் இது பாதிக்கும் கீழே. இரண்டாவது விஷயம், பூரணம் ஓரம் முழுக்கச் சீராகப் பரவியிருக்க வேண்டும். ஒரு பக்கம் விட்டுப்போயிருந்து, ஃபயரிங் பின் சரியாக அந்த இடத்தில் தட்டினால் ‘டிக்’ என்ற சத்தம்தான் வரும். சென்டர்ஃபயரில் அரிதான இந்தக் கோளாறு, ரிம்ஃபயரில் சாதாரணம்.

இந்தத் தோட்டா வடிவம் 1887-இல் வந்தது. அன்றைக்கு வைத்த அளவை யாரும் பெரிதாக மாற்றவில்லை.

## என்சிசி ரைஃபிளில் கை செய்ததை யார் செய்கிறார்கள்?

என்சிசியில் இருந்தவர்களுக்கு .22 ரைஃபிள் ஞாபகம் இருக்கும். படுத்தபடி சுட்டுவிட்டு, வலது கையால் போல்ட்டின் கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுப்போம். காலிக் கூடு வெளியே தெறிக்கும். மறுபடி முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா உள்ளே போகும். கைப்பிடியைக் கீழே அழுத்திப் பூட்டினால் அடுத்த சுடலுக்குத் தயார். சுட்டு முடித்ததும் காலிக் கூடுகளைப் பொறுக்கி எண்ணிக் கொடுக்காமல் இடத்தை விட்டு நகர முடியாது என்பதும் ஞாபகம் இருக்கும்.

போல்ட் என்பது துப்பாக்கிக்குள் முன்னும் பின்னும் நகரும் இரும்புக் கட்டை. தோட்டாவின் முதுகை அடைத்துக்கொண்டிருக்கும் கதவு. தோட்டா உட்காரும் இடம் சேம்பர், அதாவது குண்டு ஓடும் குழாயான பேரலின் பின்பக்க வாய்.

10/22-இல் கை செய்த இந்த வேலை அத்தனையும் தானாக நடக்கிறது. நாம் ஒவ்வொரு முறையும் விசையை மட்டும் இழுக்கிறோம்; அதனால் இது செமி ஆட்டோமேடிக். சுட்டது முதல் அடுத்த சுடலுக்குத் தயாராவது வரை நடக்கும் முழுச் சுற்றைத்தான் சைக்கிள் என்கிறார்கள். வரிசை இப்படி: தோட்டா வெடிக்கிறது. போல்ட் பின்னால் வருகிறது. எக்ஸ்ட்ராக்டர் என்ற சின்னக் கொக்கி கூட்டின் விளிம்பைப் பிடித்துக் கூடவே கொண்டுவருகிறது. பாதி வழியில் எஜெக்டர் என்ற அசையாத முனையில் கூட்டின் மறுபக்கம் மோதி, பக்கவாட்டுச் சன்னல் வழியே வெளியே தெறிக்கிறது. போல்ட் இன்னும் பின்னால் போய், ஃபயரிங் பின்னை அடிக்கும் சுத்தியலை மடக்கி வைத்து, ஸ்பிரிங்கை அமுக்குகிறது. ஸ்பிரிங் திருப்பித் தள்ள, முன்னால் வரும் வழியில் மேகசினின் மேல்தோட்டாவை உருவிச் சேம்பருக்குள் செலுத்தி மூடுகிறது.

என்சிசி ரைஃபிளில் கூடு இறுகியிருந்தால் கை கூடுதல் பலம் போட்டு இழுக்கும். நாமே கவனிக்காமல் அது நடந்துவிடும். தானியங்கியில் அப்படிக் கூடுதல் பலம் போட யாரும் இல்லை. ஒவ்வொரு தோட்டாவும் தன் அடுத்த தோட்டாவை ஏற்றும் பலத்தைத் தானே கொண்டுவர வேண்டும்.

## குக்கர் வெயிட்

அந்தப் பலம் எங்கிருந்து வருகிறது? பலரும் நினைப்பது, போல்ட் பூட்டப்பட்டிருக்கும், வெடித்ததும் ஏதோ பூட்டு திறக்கும் என்று. 10/22-இல் பூட்டே கிடையாது.

பிரஷர் குக்கரின் வெயிட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதை யாரும் திருகிப் பூட்டவில்லை. வெறும் கனத்தால் ஓட்டையை அடைத்து உட்கார்ந்திருக்கிறது. உள்ளே ஆவி சேர்ந்ததும் அதைத் தூக்குகிறது, விசில் வருகிறது, ஆவி போனதும் வெயிட் திரும்ப உட்காருகிறது. போல்ட்டும் அப்படித்தான்: தன் கனத்தாலும் ஸ்பிரிங்கின் தள்ளலாலும் மட்டுமே சேம்பரை அடைத்திருக்கிறது. வெடித்த வாயு குண்டை முன்னால் தள்ளும் அதே நேரத்தில் கூட்டைப் பின்னால் தள்ளுகிறது. கூடு போல்ட்டை உதைக்கிறது. இந்த முறைக்குப் பெயர் ப்ளோபேக்.

குக்கர் உவமை ஓர் இடத்தில் நொண்டும். குக்கரில் அழுத்தம் மெல்ல ஏறி, சுமார் 15 பிஎஸ்ஐயில் வெயிட்டைத் தூக்கும். துப்பாக்கியில் எல்லாம் விநாடியின் ஆயிரத்தில் சில பங்குக்குள் முடிந்துவிடுகிறது. ஆகவே இங்கே வேலை செய்வது கனத்தின் சோம்பேறித்தனம். நின்றிருக்கும் மாட்டுவண்டியைத் தோளால் இடித்தால் உடனே ஓடாது, மெல்ல நகரத் தொடங்கும், அந்தத் தாமதம்தான். போல்ட் நகரத் தொடங்கி, கூடு முழுதாக வெளியே வருவதற்குள் குண்டு பேரலை விட்டுப் போய், உள்ளே அழுத்தம் தணிந்திருக்க வேண்டும்.

கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம், பள்ளிக்கூட இயற்பியல்தான். குண்டின் எடை 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம். போல்ட்டின் எடையைக் கணக்குக்கு எளிதாக 200 கிராம் என்று வைத்துக்கொள்வோம். போல்ட் சுமார் 77 மடங்கு கனம். ஆகவே குண்டு முன்னால் போகும் வேகத்தில் 77-இல் ஒரு பங்கு வேகத்தில் அது பின்னால் வரும். ஹை வெலாசிட்டி என்று டப்பாவில் போட்டிருக்கும் வேகத் தோட்டா விநாடிக்கு 376 மீட்டர் போகும் என்றால், போல்ட்டுக்கு விநாடிக்கு 4.9 மீட்டர். ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி என்ற சாதாரணத் தோட்டா 326 மீட்டர்; போல்ட்டுக்கு 4.2. வித்தியாசம் சின்னதாகத் தெரிகிறது. ஆனால் ஸ்பிரிங்கை அமுக்குவதும் சுத்தியலை மடக்குவதும் ஆற்றலின் வேலை. ஆற்றல் வேகத்தின் இருமடியாக மாறும். அந்தக் கணக்கில் சாதாரணத் தோட்டா போல்ட்டுக்குத் தருவது கால் பங்கு குறைவு. சத்தம் குறைவாக இருக்க வேண்டும் என்றே செய்த தோட்டாக்களும் உண்டு, விநாடிக்கு 216 மீட்டர். அதில் போல்ட்டுக்குக் கிடைப்பது மூன்றில் ஒரு பங்குதான்.

வெடிமருந்து வாயுவின் உதையை நான் இதில் சேர்க்கவில்லை, ஆகவே எண்கள் தோராயம். விகிதம் சொல்லும் விஷயம் மட்டும் மாறாது.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: போல்ட்டை எதுவும் பூட்டவில்லை. அது பின்னால் வரும் பலம் அந்தத் தோட்டாவிலிருந்தே வருகிறது, அதுவும் ஏராளமாக இல்லை. வழியில் எது உராய்ந்தாலும் அந்தக் கையிருப்பிலிருந்துதான் கழியும்.

## நின்ற இடத்தைப் படிப்பது

துப்பாக்கி நின்றதும் முதலில் செய்ய வேண்டியது, ஒன்றும் செய்யாமல் இருப்பது. முனை இலக்குப் பக்கமே இருக்கட்டும், விரல் விசையை விட்டு வெளியே வரட்டும். கண்ணாடி கண்ணில் இருக்கட்டும்.

ஒலிம்பிக்கில் 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டல் என்றொரு போட்டி உண்டு. 2012-இல் லண்டனில் விஜய் குமார் வெள்ளி வென்றது அதில்தான். சுடுவது .22 ரிம்ஃபயர் செமி ஆட்டோ பிஸ்டல். கடைசிக் கட்டத்தில் 4 விநாடியில் 5 இலக்கு. அங்கே துப்பாக்கி நின்றால் வீரர் முனையை இலக்கு நோக்கியே பிடித்தபடி, மற்றக் கையைத் தூக்கி அதிகாரியை அழைக்க வேண்டும். அவர் வந்து பார்க்கும் முன் பொறியைத் தொட்டுவிட்டால், மறுவாய்ப்புத் தரும் கோளாறாக அதை ஏற்க மாட்டார்கள். பிடுங்கி எறிந்த பிறகு காரணம் கண்டுபிடிக்க முடியாது என்று அவர்களுக்குத் தெரியும்.

‘டிக்’ மட்டும் கேட்டு வெடிக்கவில்லையென்றால் 30 விநாடி அப்படியே காத்திருங்கள். மருந்து தாமதமாகப் பற்றுவதும் நடக்கும். வழக்கமான சத்தத்துக்குப் பதில் ‘புஸ்’ என்று சோம்பலாகக் கேட்டால் அன்றைய சுடுதல் அத்தோடு நிற்கட்டும். குண்டு பேரலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் பேரல் வீங்கும் அல்லது பிளக்கும். மேகசினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, சேம்பர் காலி என்று உறுதி செய்தபின், பேரல் துளை திறந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

சரி, இப்போது சன்னல் வழியே எட்டிப் பார்ப்போம்.

காலிக் கூடு சன்னலில் செங்குத்தாக நின்றுகொண்டு, போல்ட் அதைக் கவ்வியிருக்கிறதா? இதற்கு ஸ்டவ்பைப் என்று பெயர், அடுப்புப் புகைபோக்கி. கூடு சேம்பரை விட்டு வந்துவிட்டது, வெளியே தெறிக்க நேரமோ வேகமோ போதவில்லை. தோட்டாவின் பலம், போல்ட் ஓடும் பாதையின் அழுக்கு, கொக்கியின் பிடி ஆகிய மூன்றும் சந்தேகத்துக்குரியவை.

காலிக் கூடு சேம்பருக்குள்ளேயே இருக்க, அதன் முதுகில் புதுத் தோட்டா இடித்து நிற்கிறதா? கூடு வெளியே வரவே இல்லை. எல்லோரும் உடனே எக்ஸ்ட்ராக்டரைத்தான் குற்றவாளி ஆக்குவார்கள். ஆனால் ப்ளோபேக்கில் கூட்டைப் பெரும்பாலும் வெளியே தள்ளுவது வாயுவேதான். கொக்கியின் முக்கிய வேலை, எஜெக்டர் வரும்வரை கூடு நழுவாமல் பிடித்திருப்பது, அப்புறம் சுடாத தோட்டாவைக் கையால் எடுக்கும்போது இழுத்துவருவது. வாயு தள்ளியும் கூடு வரவில்லையென்றால் சேம்பர் சுவரில் ஏதோ ஒட்டிப் பிடிக்கிறது. முதலில் அங்கே பாருங்கள்.

சேம்பர் காலி, போல்ட் மூடியிருக்கிறது, மேகசினில் தோட்டா இருக்கிறது, ஆனால் ‘டிக்’ என்று மட்டும் கேட்டதா? போல்ட் போதுமான தூரம் பின்னால் போகாமல், மேல்தோட்டாவைத் தாண்டுவதற்குள் திரும்பியிருக்கும். அல்லது மேகசின் அடுத்த தோட்டாவை நேரத்துக்கு உயர்த்தவில்லை.

புதுத் தோட்டாவின் மூக்கு பேரல் வாய்க்கு மேலேயோ பக்கத்திலேயோ முட்டி, ஈயம் நசுங்கியிருக்கிறதா? மேகசின் பக்கம் பாருங்கள்.

போல்ட் முழுதாக மூடாமல் நூலிழை இடைவெளி விட்டு நிற்கிறதா? சேம்பரில் மெழுகும் கரியும் சேர்ந்திருக்கும், இல்லையென்றால் எண்ணெய் கெட்டிப்பட்டிருக்கும். கையால் குத்தி மூடாதீர்கள். பாதி மூடிய நிலையில் ஓரம் நசுங்கி வெடித்தால் மெல்லிய கூடு கிழிந்து வாயுவும் பித்தளைத் துணுக்கும் சன்னல் வழியே வரும்.

கடைசியாக, தோட்டா சரியாக உட்கார்ந்து, ஃபயரிங் பின் தட்டியும் வெடிக்காதது. அரை நிமிடம் கழித்து அதை எடுத்து விளிம்பைப் பாருங்கள். நகத்தால் கீறினால் தட்டுப்படும் அளவுக்கு ஆழமான தடம் இருந்தால் குறை தோட்டாவுடையது. லேசான தடம் என்றால் துப்பாக்கியைச் சந்தேகிக்கலாம்: ஃபயரிங் பின் ஓடும் பள்ளத்தில் அழுக்கு, அல்லது போல்ட் முழுதாக மூடவில்லை.

ஒவ்வொரு முறையும் போனில் ஒரு படம். பிறகு மேகசினைக் கழற்றிவிட்டுச் சிக்கலை எடுங்கள், எடுத்ததை ஒரு சின்னப் பையில் போட்டு வையுங்கள்.

## முதல் சந்தேகம் தோட்டாமேல்

பாகம் மாற்றுவது எல்லோருக்கும் பிடித்த வைத்தியம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. என் ரைஃபிள் ஸ்டவ்பைப் காட்டத் தொடங்கியபோது முதலில் ஸ்பிரிங் வாங்கினேன், பிறகு கூர்மையான புது எக்ஸ்ட்ராக்டர் வாங்கினேன். கோளாறு அப்படியே இருந்தது. அதே காலத்தில் மலிவாகக் கிடைத்ததே என்று நூற்றுக்கணக்கில் கொட்டிக் கிடக்கும் மொத்த டப்பா தோட்டாவுக்கு மாறியிருந்தேன் என்பது மட்டும் மண்டையில் உறைக்கவில்லை. குலுங்கிக் குலுங்கி வந்ததில் சில குண்டுகள் கூட்டில் ஆடின, சில மூக்கில் அடிபட்டிருந்தன. ஒரே டப்பாவில் ஒன்றின் சத்தம் பளீரென்றும் அடுத்தது மந்தமாகவும் இருந்தது. வேறு ஒரு வேகத் தோட்டா டப்பா வாங்கி ஐம்பதும் சுட்டேன், ஒன்றுகூடச் சிக்கவில்லை. ஸ்பிரிங்கும் எக்ஸ்ட்ராக்டரும் இன்னும் டிராயரில் கிடக்கின்றன.

ஆகவே முதல் சோதனை, 40 கிரெய்ன் ஹை வெலாசிட்டி தோட்டா, அச்சிட்ட சிறு டப்பாவில் வரிசையாக அடுக்கி வரும் நல்ல வகை. 50 கொண்ட ஒரு டப்பா போதும். புதுத் துப்பாக்கி என்றால் முதல் சில நூறு இதுவாகவே இருக்கட்டும். உராயும் பரப்புகள் பழகட்டும். ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி குண்டு ஒலியின் வேகத்துக்குக் கீழே போவதால் துல்லியத்துக்கு நல்லது என்று சொல்வார்கள், உண்மைதான். ஆனால் மேலே பார்த்த கால் பங்குக் குறைவை மறக்க வேண்டாம். சுத்தமான துப்பாக்கியில் ஓடும், அழுக்கானதும் முதலில் நிற்கும்.

## அழுக்கு, ரிம்ஃபயரோடு பிறந்தது

.22 குண்டு ஈயம், பல வகைகளில் மேலே மெழுகுப் பூச்சு. பெரிய தோட்டாக்களில் மசகு கூட்டுக்குள் மறைந்திருக்கும், அல்லது குண்டுக்குச் செம்பு உறை இருப்பதால் மசகே தேவைப்படாது. இங்கே எல்லாம் வெளியே. போகிற வழியில் ஈயமும் மெழுகும் தேய்ந்து ஒட்டும். போதாக்குறைக்கு, ப்ளோபேக்கில் போல்ட் திறக்கும்போது கரியும் வாயுவும் பின்னால் வந்து பொறிக்குள் படியும்.

இது பழைய தலைவலி. வின்செஸ்டர் நிறுவனம் 1903-இல் ரிம்ஃபயர் செமி ஆட்டோ ரைஃபிள் ஒன்றைக் கொண்டுவந்தபோது, கடையில் எங்கும் கிடைத்த .22 லாங் ரைஃபிளை விட்டுவிட்டு அதற்கென்றே தனித் தோட்டா செய்தார்கள். அன்றைக்குக் கடைகளில் கருமருந்துத் தோட்டாக்களும் கலந்து விற்றன. அந்தக் கரி பொறியை அடைத்துவிடும். வாங்குபவர் தெரியாமல்கூட அதைப் போட்டுவிடக் கூடாது என்று அளவையே மாற்றிவிட்டார்கள்.

சுத்தம் செய்ய ரைஃபிளை முழுதாகப் பிரிக்க வேண்டும் என்பதில்லை. நான்கு இடம் முக்கியம். சேம்பர்: அதற்குரிய சின்னப் பித்தளைத் தூரிகையில் கரைப்பான் தொட்டுச் சுழற்ற வேண்டும். பேரலை மட்டும் பளபளப்பாக்கிச் சேம்பரை மறப்பவர்கள் அதிகம். பேரல் துல்லியத்துக்கு, சைக்கிளுக்குச் சேம்பர். அடுத்தது போல்ட்டின் முகம், தோட்டாவின் முதுகு உட்காரும் பள்ளம். மூன்றாவது எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் அடி. இதைப் பல்குத்தும் குச்சியின் முனையால் சுரண்டிப் பாருங்கள். என்னுடையதில் கடுகில் பாதி அளவுக்கு ஒரு கறுப்புச் செதில் வந்தது, தோசைக்கல் கருக்கு மாதிரி கெட்டியாக. கொக்கி விளிம்பைப் பிடிக்கும் பள்ளமே ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான். அதில் இந்தச் செதில் உட்கார்ந்தால் கொக்கி எதைப் பிடிக்கும்? நான்காவது, போல்ட் ஓடும் தடமும் ஸ்பிரிங் கம்பியும்.

எண்ணெய் விஷயத்தில் நம் ஊர் சைக்கிள் செயின்தான் பாடம். மண் ரோட்டில் ஓடும் சைக்கிளுக்கு எண்ணெயைக் கொட்டினால் இரண்டே நாளில் புழுதி சேர்ந்து கரும்பசையாகிவிடும். போல்ட் தடத்தில் இரண்டு துளி, துடைத்த மாதிரி ஒரு பூச்சு போதும். சேம்பரும் ஃபயரிங் பின் பள்ளமும் உலர்ந்தே இருக்கட்டும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள். கையில் ஒட்டியிருப்பது ஈயம்.

## மேகசினுக்கு ஒரு நம்பர்

10/22-இன் மேகசின் சுழலும் வகை. உள்ளே நட்சத்திர வடிவச் சக்கரம், சுற்றிலும் பள்ளம், பள்ளத்துக்கு ஒரு தோட்டா. ஸ்பிரிங் அதைச் சுழற்றி ஒவ்வொன்றாக வாய்க்குக் கொண்டுவரும். நேராக அடுக்கும் மேகசினில் தோட்டாவின் மடிப்பு விளிம்புகள் ஒன்றின்மேல் ஒன்று மாட்டிக்கொள்ளும்; இதில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் சக்கரத்தில் மெழுகு படிந்தால் அது சுழலத் தயங்கும், போல்ட் வரும்போது தோட்டா மேலே வந்திருக்காது. வெற்று மேகசினின் சக்கரத்தை விரலால் உருட்டிப் பாருங்கள், எங்கேயாவது இழுத்தால் தெரிந்துவிடும்.

வாய்ப்பகுதியைத் தூரிகையால் சுத்தம் செய்து உலரவிட்டால் பெரும்பாலும் போதும். திருகைக் கழற்றி உள்ளே போவதை முதல் தடவை தவிர்க்கச் சொல்வேன். சக்கரத்தின் ஸ்பிரிங் சில சுற்று முறுக்கிப் பூட்டப்பட்டது. கழற்றியதும் அந்த முறுக்கு போய்விடும். திரும்பச் சரியாக முறுக்காவிட்டால் இல்லாத கோளாறு புதிதாக வரும்.

மேகசின் ஒன்றுக்கு மேல் இருந்தால் ஒவ்வொன்றின் அடியிலும் நெயில் பாலிஷால் 1, 2, 3 என்று எழுதுங்கள். சிக்கும்போதெல்லாம் எது மாட்டியிருந்தது என்று குறியுங்கள். ஐந்து சிக்கலில் நாலு 2-ஆம் நம்பரில் என்றால், துப்பாக்கியைத் தொடவே வேண்டாம்.

## ஒரு நேரத்தில் ஒன்று

தோட்டாவை மாற்றி, துப்பாக்கியைச் சுத்தம் செய்து, மேகசினையும் மாற்றி, ஒரே நாளில் சரியாகிவிட்டால் சந்தோஷம்தான். எதனால் சரியானது என்று மட்டும் தெரியாது. அடுத்த மாதம் மறுபடி நின்றால் மறுபடி ஆரம்பத்திலிருந்து. ஒரு டப்பா 50 தோட்டா, மேகசினில் ஐந்து நிரப்பல். ஒரு மாற்றத்துக்கு ஒரு டப்பா என்று வைத்துக்கொண்டால் விடை தானாகப் பிரியும். முதலில் தோட்டா, அடுத்து சுத்தம், அதன்பின் மேகசின். கிட்டத்தட்டச் செலவு ஏறும் வரிசையும் இதுதான் என்பது வசதி.

மூன்றும் முடிந்தும் நிற்கிறது என்றால்தான் பாகங்களின் முறை. கொக்கியின் முனை மழுங்கியிருக்கலாம், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். பழைய ரிம்ஃபயர் சிலவற்றில் தோட்டா இல்லாமல் வெறுமனே விசையை இழுத்து இழுத்து, ஃபயரிங் பின் சேம்பர் விளிம்பையே கொத்திப் பிசிறு எழுப்பியிருக்கும். கூட்டின் வாய்ப்பக்கம் எப்போதும் ஒரே இடத்தில் கீறல் வந்தால் அதுவாக இருக்கலாம். சேம்பரை அரம் போட்டுத் தேய்ப்பதும், விசைப் பொறிக்குள் கை வைப்பதும் வீட்டில் செய்யும் வேலை இல்லை. அமெரிக்காவில் விசைப் பொறியைத் தெரியாமல் மாற்றினால் சட்டச் சிக்கலும் சேர்ந்து வரும்.

கன்ஸ்மித் எனப்படும் துப்பாக்கி மெக்கானிக்கிடம் நான் போனபோது, ரைஃபிளை மேஜைமேல் வைத்துவிட்டு வழக்கம்போல “ஜாம் ஆகுது” என்றேன். வயதானவர், மூக்குக்கண்ணாடிக்கு மேல் இன்னொரு பூதக்கண்ணாடி மாட்டியிருந்தார். ரைஃபிளை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. “கூடுகள் கொண்டுவந்தீர்களா?” என்று கையை நீட்டினார்.